உங்கள் தொழிலை ஒரு தனி ஆளாகப் பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுக்கிற, பாடம் சொல்லிக் கொடுக்கிற, ஏதாவது செய்து விற்கிற ஒரு பெண்ணிடம் "மாதம் எவ்வளவு லாபம் நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஓடுகிறது, வீட்டுச் செலவுக்கு ஆகிறது" என்பார். கணக்குப் போடத் தெரியாமல் சொல்கிற பதில் இல்லை அது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவை மனக்கணக்காகவே நடத்துகிறவர் அவர். தொழிலின் பணமும் வீட்டின் பணமும் ஒரே சுருக்குப்பையில் கிடக்கும்போது, லாபம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கியல் படிப்பவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று இது: தொழில் வேறு, அதை நடத்துகிறவர் வேறு. தொழிலை ஒரு தனி ஆளாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளுக்குத் தனிக் கல்லா உண்டு, தனிக் கடன் உண்டு, தனி நேரம் உண்டு. நீங்கள் அவரிடம் வேலை பார்க்கிறீர்கள், அவர் உங்களுக்குக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர். நீங்கள் அவருக்குப் போட்ட முதலும் அவர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கிதான்.

தொழில் தொடங்கும் எல்லோருக்கும் பொதுவான பாடம் இது. ஆனால் பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஒரு பெண் தொழில் தொடங்கினால், அவர் நேரம் வீட்டுக்குச் சொந்தம், அவர் சம்பாத்தியம் குடும்பத்துக்குச் சொந்தம் என்று சுற்றியுள்ளவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அவரே அப்படி எடுத்துக்கொள்கிறார். தொழிலுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. பெண்களின் எத்தனையோ சிறுதொழில்கள் பத்து வருடம் ஆனாலும் தொடங்கிய அளவிலேயே நிற்பதற்கு, திறமைக் குறைவைவிட இந்தக் கசிவுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

ஒருவர் மாதம் 40 துணிப்பைகள் தைத்து, ஒன்று 300 என்று விற்கிறார். வரவு 12,000. ஒரு பைக்குத் துணி, நூல், ஜிப் எல்லாம் சேர்த்து 150 ஆகிறது. ஆக 6,000. பார்சல், போக்குவரத்துக்கு 1,000. மீதி 5,000 கையில் நிற்கிறது. அவர் அதை லாபம் என்கிறார்.

சரி, ஒரு பைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? வெட்டுவது, தைப்பது, வாங்குகிறவரிடம் பேசுவது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைப்போம். 40 பைக்கு 100 மணி நேரம். இதே வேலையைச் செய்ய வேறொருவரை வைத்தால் மணிக்கு 60 கொடுக்க வேண்டும் என்றால், கூலி மட்டும் 6,000. இன்னொன்றும் உண்டு. 24,000 கொடுத்து வாங்கிய தையல் இயந்திரம் ஐந்து வருடம் உழைக்கும் என்றால், மாதத்துக்கு 400 தேய்கிறது. இப்போது கூட்டிப் பாருங்கள்: 6,000, 1,000, 6,000, 400. மொத்தச் செலவு 13,400. வரவு 12,000. தொழில் மாதாமாதம் 1,400 நட்டத்தில் ஓடுகிறது. அந்த நட்டத்தைத் தன் உழைப்பைக் குறைந்த கூலிக்குக் கொடுத்தும், இயந்திரத்தைத் தேயவிட்டும் அந்தப் பெண் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்.

"என் வேலைக்கு நானே எதற்குக் கூலி போட வேண்டும், எப்படியும் பணம் என்னிடம்தானே வருகிறது?" என்று தோன்றலாம். போட வேண்டிய காரணம், ஆர்டர் இரண்டு மடங்கு வரும் நாளில் தெரியும். அன்று இன்னொருவரை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும். 300க்கு விற்கும் பையிலிருந்து அவருக்குக் கூலி கொடுக்க வழியே இல்லை. உங்கள் கூலியைச் சேர்க்காமல் வைத்த விலை, உங்கள் இரண்டு கை தாங்கும் அளவுக்கு மேல் தொழிலை வளரவே விடாது. ஆர்டரைத் திருப்பி அனுப்புவது, இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பது என்று இரண்டே வழிதான் மிஞ்சும்.

அந்தப் பைக்கு உண்மையில் ஆகும் அடக்கவிலை 335. விலையை 375 ஆக்கினால் சில வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். போகட்டும், 40க்குப் பதில் 30 பைதான் விற்கிறது என்றே வைப்போம். வரவு 11,250. துணிக்கு 4,500, பார்சலுக்கு 750, கூலிக்கு 4,500, தேய்மானம் 400 போனால் 1,100 மிஞ்சுகிறது. அது தொழிலுக்கே சொந்தமான லாபம். அதோடு உங்களுக்கு 25 மணி நேரமும் திரும்பக் கிடைத்திருக்கிறது. விலை ஏற்றுவதை அவமானம்போல நினைக்கும் பெண்கள் இந்தக் கணக்கைத் தங்கள் எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

இந்தக் கசிவைப் பொருளாதார ஆய்வாளர்கள் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். இலங்கையில் சிறுதொழில் செய்பவர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, திருப்பித் தர வேண்டாத பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் உயர்ந்தது. பெண்களின் தொழிலில் சராசரியாக எந்த மாற்றமும் இல்லை. பெண்களிடம் பணம் கொடுத்துப் பயனில்லை என்று இதைப் படிப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.

பிறகு வேறு ஆய்வாளர்கள் இலங்கை, கானா, இந்தியா ஆகிய மூன்று நாட்டுத் தரவுகளையும் எடுத்து, ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துப் பிரித்தார்கள்: அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? 2019இல் வெளியான அந்த முடிவு படத்தையே மாற்றிவிட்டது. வீட்டில் அந்தப் பெண் ஒருவர் மட்டுமே தொழில் செய்கிற இடங்களில், போட்ட முதலுக்குக் கிடைத்த பலன் ஆண்களுக்குக் கிடைத்த அளவிலேயே இருந்தது. கணவரும் தொழில் செய்கிற வீடுகளில், மனைவியின் பெயரில் வந்த பணம் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. பெண்ணின் திறமையில் குறை ஒன்றும் இல்லை, பணம்தான் இடம் மாறியிருக்கிறது. குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவாகவும் அது இருக்கலாம், யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் தன் தொழில் ஏன் வளரவில்லை என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொண்டிருந்தால், அந்த வருத்தம் அநியாயமானது.

கானாவில் இன்னொரு விதமாகச் சோதித்தார்கள். சிலருக்குப் பணமாகவும், சிலருக்கு அதே மதிப்புக்குச் சரக்காகவோ கருவியாகவோ கொடுத்தார்கள். பணமாக வாங்கிய பெண்களின் லாபம் உயரவில்லை. சரக்காக வாங்கியவர்களுக்கு உயர்ந்தது. மிகச் சிறிய அளவில் தொழில் செய்தவர்களுக்கு மட்டும் அதுவும் எடுபடவில்லை. ரொக்கம் கையில் இருந்தால் அவசரத் தேவை ஒன்று அதைத் தேடி வந்துவிடும். துணிக்கட்டாகவோ இயந்திரமாகவோ இருந்தால் தொழிலிலேயே நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது உகாண்டா ஆய்வு. சிறுகடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கடனைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், அவரவர் பெயரில் தொடங்கிய தனி மொபைல் பணக் கணக்கில் போட்டார்கள். வட்டியிலோ தவணையிலோ எந்த மாற்றமும் இல்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், ரொக்கமாக வாங்கியவர்களைவிட இவர்களின் லாபம் ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம். பணம் எங்கே கிடக்கிறது என்பது மட்டும் மாறியது, அவ்வளவுதான். தனிக் கணக்கு என்பது வெறும் ஒழுங்குக்காகச் சொல்லும் அறிவுரை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். "அந்தப் பணம் கடைக் கணக்கில் இருக்கிறது, என்னிடம் இல்லை" என்று ஒரு பெண் யாரையும் புண்படுத்தாமல் சொல்ல அது வழி செய்கிறது.

கையெழுத்து யாருடையது?

தனி ஆள் என்ற இந்தக் கருத்துக்குச் சட்டத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது, கொஞ்சம் மனதை உறுத்தும் வரலாறு. இங்கிலாந்தில் 1844இல் வந்த சட்டத்தின்படி, பதிவு செய்த ஒரு கம்பெனி தனி நபராகச் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். அதே காலத்தில் அங்கே திருமணமான பெண்ணைச் சட்டம் தனி நபராகவே பார்க்கவில்லை, அவர் கணவருக்குள் அடக்கம். அவர் சம்பாத்தியம் அவருக்குச் சொந்தமானது 1870இல்தான். தன் பெயரில் சொத்து வைத்துத் தனியாகத் தொழில் நடத்தும் முழு உரிமைக்கு 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் பிறந்த கம்பெனிக்குக் கிடைத்த மரியாதை, ரத்தமும் சதையுமான பெண்ணுக்குக் கிடைக்க மேலும் 38 ஆண்டுகள் ஆயின.

மற்ற நாடுகளும் வேகமாக நகர்ந்துவிடவில்லை. பிரான்சில் கணவரின் சம்மதமில்லாமல் மனைவி வங்கிக் கணக்கு தொடங்க 1965இல்தான் சட்டம் வழிவிட்டது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஒரு பெண் தொழில்கடன் கேட்டால், வீட்டு ஆண் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1988இல் வந்தது. இன்று வயது அறுபதைத் தாண்டிய பெண்கள் தங்கள் வாழ்நாளிலேயே பார்த்த மாற்றம் அது.

இதனால்தான் பழைய காலத்தின் புகழ்பெற்ற பெண் தொழிலதிபர்களில் பலர் கைம்பெண்களாக இருக்கிறார்கள். பிரான்சில் பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் கணவர் 1805இல் இறந்தபோது அவருக்கு 27 வயது. கணவரின் ஒயின் வியாபாரத்தை ஏற்று நடத்தி, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கினார். கணவரின் அனுமதியின்றி மனைவி வியாபாரம் செய்ய முடியாத அந்தக் காலத்தில், கைம்பெண் தன் கையெழுத்தைத் தானே போடலாம். அவர் நிறுவனத்தின் பெயரிலேயே 'வவ்' என்ற சொல் இருக்கிறது, பிரெஞ்சில் கைம்பெண் என்று பொருள்.

இன்று பெரும்பாலான இடங்களில் சட்டத் தடை நீங்கிவிட்டது. ஆனாலும் பெண் உழைக்க, உரிமம், கடன், கடை வாடகை ஒப்பந்தம் எல்லாம் வேறொருவர் பெயரில் இருப்பது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. நம்பிக்கையால்தான் அப்படி விடுகிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் தொழிலின் பத்திரங்களில் உங்கள் பெயர் இல்லாவிட்டால், நீங்கள் திருப்பிக் கட்டும் ஒவ்வொரு தவணையும் வேறொருவரின் கடன் வரலாற்றைத்தான் கட்டியெழுப்புகிறது. அடுத்த பெரிய கடனுக்கு நீங்கள் வங்கிக்குப் போகும்போது, உங்களைப் பற்றி அங்கே ஒரு வரி கூட இருக்காது. தொழில் சின்னதாக இருக்கும்போதே பெயரைச் சரியாகப் போட்டுவிடுவது நல்லது. வளர்ந்த பிறகு மாற்றுவது எல்லோருக்கும் சங்கடம்.

நேரமும் தொழிலின் சொத்துதான். ஸ்டெஃபனி ஷெர்லி 1962இல் இங்கிலாந்தில் வெறும் 6 பவுண்டு முதல் போட்டு, கணினி நிரல் எழுதித் தரும் நிறுவனம் ஒன்றை வீட்டிலிருந்தே தொடங்கினார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட படித்த பெண்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 பேரில் மூன்று பேர்தான் ஆண்கள். தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால், 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போடத் தொடங்கினார். கதவுகள் திறந்தன. வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கக் கூடாது என்று, தொலைபேசியில் பேசும்போது தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிடுவாராம். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியதும் அவருடைய குழுதான்.

அவர் செய்ததில் பின்பற்ற வேண்டியது ஒன்று உண்டு என்றால், வீட்டுக்குள்ளேயே தொழிலுக்கென்று ஓர் எல்லை போட்டதைச் சொல்வேன். நாளைக்கு மூன்று மணி நேரம்தான் முடியும் என்றால் மூன்று மணி நேரமே போதும். அந்த மூன்றும் தொழிலுடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இடையிடையே கிடைக்கும் பத்து நிமிடங்களைச் சேர்த்துத் தொழில் நடத்துவது மனிதரைக் களைத்துப்போகச் செய்யும்.

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். உகாண்டாத் தலைநகர் கம்பாலாவில் நடந்த ஆய்வில், வெல்டிங், மின்வேலை போல ஆண்கள் அதிகமாக இருக்கும் துறைகளுக்குள் நுழைந்த பெண்கள், ஆண்கள் அளவுக்கே சம்பாதித்தார்கள். பெண்கள் வழக்கமாகச் செய்யும் தொழில்களில் இருந்தவர்களைவிட அது மூன்று மடங்கு. அந்தத் துறைகளில் இவ்வளவு வருமானம் இருப்பதே மற்ற பெண்களில் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் நாமும் தொடங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் முடிவு செய்வதற்கு முன், பழக்கமில்லாத இரண்டு துறைகளிலாவது எவ்வளவு வருமானம் வருகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

வளரும்போது வரும் பசி

தொழில் நன்றாக ஓடும்போதுதான் பணம் கையில் நிற்பதில்லை என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. காரணம் எளிது. பெரிய ஆர்டர் வந்தால் துணியை இன்று வாங்க வேண்டும், கூலியை இந்த வாரம் கொடுக்க வேண்டும், வாங்கியவரோ 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார். அந்த இடைவெளியை அடைக்கத் தேவைப்படும் பணத்துக்குத்தான் நடைமுறை மூலதனம் என்று பெயர். ஆர்டர் பெருகப் பெருக இடைவெளியும் பெருகும். லாபம் ஈட்டுகிற தொழில்களும் இங்கேதான் மூச்சுத் திணறி மூடப்படுகின்றன.

இதை அடைக்க மிக மலிவான பணம் வாடிக்கையாளரின் முன்பணம்தான். பாதியை முன்னால் கேட்கத் தயங்காதீர்கள். அடுத்தது, சரக்குக் கடைக்காரரிடம் வாங்கும் தவணை. அதற்குப் பிறகுதான் வங்கிக் கடன். முதலீட்டாளரிடம் பங்கு விற்பது பெரும்பாலான சிறுதொழில்களுக்குத் தேவையே படாது. ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நியூயார்க்கில் நடந்த ஒரு ஸ்டார்ட்அப் போட்டியில் 2010 முதல் 2016 வரை முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். ஆண்களிடம் கேட்டவற்றில் 67 சதவீதம் "எப்படி வளர்ப்பீர்கள்?" என்ற வகை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் "எப்படி இழக்காமல் காப்பீர்கள்?" என்ற வகை. காக்கும் கேள்விக்குக் காக்கும் பதில் சொன்னவர்களுக்குக் குறைவான பணமே கிடைத்தது. அதே கேள்விக்கு வளர்ச்சியைப் பேசிப் பதில் சொன்னவர்கள் பல மடங்கு திரட்டினார்கள். "இருக்கிற வாடிக்கையாளர்களை எப்படித் தக்கவைப்பீர்கள்?" என்று கேட்டால், "சந்தை பெரியது, இந்த வருடம் எங்கள் இலக்கு இத்தனை பேர், அதற்கு இப்படிச் செய்கிறோம்" என்று பேச்சைத் திருப்பலாம். கேள்வியில் உள்ள பாரபட்சத்தைப் பெண்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்பது நியாயமில்லை, எனக்கு அதில் கோபமும் உண்டு. ஆனாலும் நாளை கூட்டத்துக்குப் போகிற ஒருவருக்கு இது கைகொடுக்கும்.

மெலனி பெர்கின்ஸ் ஆஸ்திரேலியாவில் வடிவமைப்பு மென்பொருளான கேன்வாவை ஒரே மூச்சில் தொடங்கிவிடவில்லை. முதலில் பள்ளி ஆண்டுமலர்களை வடிவமைக்கும் ஒரு சிறிய இணையச் சேவையை நடத்தி, வாடிக்கையாளர் என்ன கேட்கிறார், எதற்குப் பணம் தருகிறார் என்று கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகும் நூற்றுக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்கள் மறுத்தார்கள். சின்னதாக ஒன்றை ஓட்டிக் காட்டிய அனுபவம் அவர் கையில் இருந்தது.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை வைத்து நடத்திய சோதனையில், வழக்கமான கணக்கு, சந்தைப் பாடங்களைவிட, தானாக முன்வந்து செய்வது, தடை வந்தால் மாற்று வழி தேடுவது என்று மனப்போக்கைப் பழக்கிய பயிற்சிதான் லாபத்தைக் கூட்டியது, சுமார் 30 சதவீதம். 2017இல் வெளியான முடிவு இது. கணக்குப் பாடம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வகுப்பில் சேருமுன் அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தொடங்குகிறவர் இந்த வாரமே செய்யக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் பெயரில், தொழிலுக்கு மட்டுமான ஒரு கணக்கு திறங்கள். ஒரு நோட்டு வாங்கி, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், அன்றைக்கு உழைத்த மணி நேரம் ஓரத்தில் என்று எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் உண்மையான அடக்கவிலை தெரிந்துவிடும், அப்புறம் விலையைப் பற்றி யோசிக்கலாம். வீட்டுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் தாராளமாக எடுங்கள், ஆனால் எடுத்ததை எழுதுங்கள். மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து, அன்று தொழிலின் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு உங்கள் சம்பளத்தை அனுப்புங்கள், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. கொடுக்க முடியாத மாதத்தில், தொழில் உங்களுக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்று அதே நோட்டில், அதே தேதியில் எழுதி வையுங்கள்.